யூனியில் பாடம் மட்டுமா நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற பள்ளித் தேர்வுகளின் முடிவுகள் வந்த கையோடு வழிகாட்டிக் கூட்டம் ஒன்று நடக்கும். கோலாலம்பூரில் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 26 ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். கூட்டத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: இடம் கிடைக்குமா? கூட்டம் முடிந்து கேசரியும் தேநீரும் கைக்கு வரும்போதுதான் மற்ற கேள்விகள் மெல்ல வரும். யூனி என்கிற பல்கலைக்கழகத்துக்குள்ளே என்னதான் நடக்கிறது, அந்த விரிவுரையாளர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள், அதனால் நமக்கு என்ன என்று. அவற்றைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இடம் வாங்குவது பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் சின்னது.

விரிவுரையாளருக்கு வாரத்தில் எட்டு ஒன்பது மணி நேரம்தான் வகுப்பாமே. மீதி நேரம் என்ன செய்கிறார்கள்?

இதை என் மாமியார் என்னிடம் கேட்டிருக்கிறார். கல்யாணமான முதல் வருடம்.

அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளரின் வேலை மூன்று: கற்பித்தல், ஆய்வு, சமூகச் சேவை. யாரும் அழைக்காமல் வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொள்ளும் நான்காவது ஒன்றும் உண்டு, அது நிர்வாகம். கூட்டம், கூட்டத்தின் அறிக்கை, அந்த அறிக்கையைப் பற்றிய இன்னொரு கூட்டம்.

வகுப்பு எட்டு மணி நேரம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. 60 பேர் உள்ள ஒரு பாடத்தில் ஆளுக்கு ஒரு கட்டுரை இடுபணி கொடுத்தால், ஒரு கட்டுரைக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் 15 மணி நேரம் போய்விடும். அதுவும் எல்லாக் கட்டுரையும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால். மூன்று கட்டுரைகளில் ஒரே எழுத்துப் பிழை ஒரே இடத்தில் வந்தால் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், அதற்குத் தனி நேரம். இது போக முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள். இரவு பதினோரு மணிக்கு 80 பக்க அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "பார்த்துச் சொல்லுங்க டாக்டர், அவசரமில்ல, நாளைக்கு மீட் பண்ணலாம்" என்பார்கள்.

சும்மா இருக்கிறவர்களும் உண்டு, மறைக்கவில்லை. எந்த அலுவலகத்தில் இல்லை?

என் மகனுக்கு வாரத்தில் 15 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் தூங்குகிறான். இதற்கா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம் சார்?

அம்மா, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அவனிடமும் காட்டுங்கள்.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் மொத்தமாக 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பொருள். நாட்டின் தகுதிக் கட்டமைப்பு அப்படித்தான் வகுத்திருக்கிறது. வகுப்பில் உட்காரும் நேரமும் அதில் அடக்கம், தானாகப் படிக்கும் நேரமும் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி நேரமாக 14 வாரம் வகுப்பு நடந்தால் 42 மணி நேரம் ஆயிற்று. மீதி 78 மணி நேரம் நூலகத்திலோ, மேசையிலோ, குழுவாகவோ அவன் செலவழிக்க வேண்டியது. ஐந்து பாடம் எடுத்திருந்தால் பருவத்துக்கு 600 மணி நேரம். பரிட்சை வாரங்களையும் சேர்த்துப் பரப்பினால்கூட வாரத்துக்கு 35 மணி நேரம் வரும். அது ஒரு முழுநேர வேலை.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியாது. பள்ளியில் ஆசிரியர் பாடத்தை முடித்துக் கொடுப்பார், மாலையில் டியூஷன் அதையே இன்னொரு முறை முடித்துக் கொடுக்கும். இங்கே பாடம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதோடு விரிவுரையாளர் வேலை பாதி முடிந்தது. முதல் பருவத்தில் தூங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பருவத்தில், முதல் பருவப் புள்ளிகள் வந்தபிறகு, முழித்துக்கொள்வார்கள்.

அவர்களை ஏன் டாக்டர் என்கிறார்கள்?

முனைவர் பட்டம் பெற்றவரை இங்கே எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் முட்டிக்கே நான் கிளினிக்குக்குத்தான் போகிறேன். பதவிப் படிகள் விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று போகும். பேராசிரியர் என்பது பட்டம் இல்லை, பதவி. கல்யாணப் பத்திரிகையில் போடும்போது கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறீர்கள். நாலு புத்தகத்தைப் பார்த்து ஐந்தாவது புத்தகம் எழுதுவதுதானே?

இதைக் கேட்ட அண்ணன் டாக்சி ஓட்டுகிறவர். அவருக்கு நான் சொன்ன பதில் நிப்பா வைரஸின் கதை.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகப் பிள்ளைகளைத்தான் தாக்கும். இதுவோ பன்றியைத் தொட்டுப் புழங்கிய பெரியவர்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சுவா கா பிங் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அது தெரிந்த கிருமி எதனுடனும் ஒத்துப்போகவில்லை. அதைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில், உலகம் அதுவரை பார்க்காத வைரஸ் என்று தெரிந்தது. கம்போங் சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிரச்சினை கொசு இல்லை, பன்றி என்று உறுதியானபிறகுதான் சரியான நடவடிக்கை தொடங்கியது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. அடங்குவதற்குள் நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்துபோயிருந்தார்கள். சுவா அதோடு நிற்கவில்லை. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரைச் சேகரித்து, கிருமி எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டினார்.

நோயாளி படுத்திருக்கும் மருத்துவமனையும், மாணவர்கள் படிக்கும் துறையும், கிருமியை வளர்க்கும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்ததால் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன். பந்தாயில் உள்ள அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நம் மக்கள் போகும்போது, கட்டிலைச் சுற்றி பத்து மாணவர்கள் நின்றால் எரிச்சல்படுகிறார்கள். அந்தப் பத்துப் பேர் அங்கே நிற்பதற்காகத்தான் அந்த மருத்துவமனையே கட்டப்பட்டது. அங்குள்ள மருத்துவ பீடத்தை உருவாக்கி முதல் தலைவராக இருந்தவர் டி. ஜே. தனராஜ், நம்மவர்தான்.

எல்லா ஆய்வுக்கும் நுண்ணோக்கி வேண்டும் என்றில்லை. 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த உங்கு அப்துல் அசீஸ் பொருளாதாரம் படித்தவர். கிராமத்து வீட்டின் வறுமையை அளக்க அவர் எடுத்துக்கொண்டது கைலி. வீட்டில் எத்தனை பேர், எத்தனை கைலி என்று எண்ணிப் பார் என்றார். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் மக்கள் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள், கொடியில் காய்கிற கைலி பொய் சொல்லாது. ஹஜ் யாத்திரைக்காகக் கிராமத்தார் பணத்தைச் சேர்த்து வைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1959இல் அவர் எழுதிக் கொடுத்த யோசனைதான் பிறகு தாபோங் ஹாஜி ஆனது.

ஆய்வு மானியம், அதான் கிராண்ட், லட்சக்கணக்கில் வருகிறதாமே. அது யாருடைய பாக்கெட்டுக்கு?

பாக்கெட்டுக்குப் போகாது. ஆய்வு உதவியாளரின் சம்பளம், பயணம், கருவி, ரசாயனம், மாதிரிகளைச் சோதிக்கும் செலவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்துத்தான் பணம் வரும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நூறு வெள்ளியை நகர்த்தவும் கடிதம் எழுத வேண்டும். ஒரு பிரிண்டர் மை வாங்க மூன்று கடையில் விலை கேட்டு அலைந்திருக்கிறேன்.

சரி, இவ்வளவு ஆய்வு நடக்கிறதே. நாங்கள் படிக்கிற மாதிரி தமிழில் ஏன் எழுதுவதில்லை?

என்னைத் தர்மசங்கடப்படுத்துகிற கேள்வி இதுதான்.

விரிவுரையாளருக்கு ஆண்டுதோறும் இலக்கு உண்டு. கட்டுரை எத்தனை, எந்த இதழில் என்று எண்ணுவார்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற பட்டியல்களில் உள்ள இதழ்களுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். 2006 முதல் சில பல்கலைக்கழகங்களை அரசாங்கம் ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று தனியாக அறிவித்தது. முதலில் மலாயா, பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகம், பிறகு 2010இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பெயர் வந்ததும் உலகத் தரவரிசைப் பட்டியலில் ஏறும் ஓட்டமும் வந்தது. தரவரிசை போடுகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆக, செந்தூல் முதியவர்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர் அதை ஆங்கிலத்தில் எழுதி, செந்தூல் எங்கே இருக்கிறதென்றே தெரியாத இதழாசிரியருக்கு அனுப்புகிறார். செந்தூல்காரர் அதைப் படிக்கப் போவதில்லை. நானும் இதைச் செய்தவன்தான். பதவி உயர்வுக்கு மனுப் போட்ட வருடம் ஆங்கிலக் கட்டுரைகளை எண்ணினேன், தமிழில் எழுதியவற்றைக் கடைசிப் பக்கத்தில் 'இதர' என்ற தலைப்பின் கீழ் போட்டேன். இன்றைக்கும் அந்தச் சொல் உறுத்துகிறது.

தமிழில் நடப்பதும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தமிழ்ப் பேராய்வு என்ற ஆய்விதழை நடத்துகிறது. அந்தத் துறையில் தமிழிலேயே எழுதிய ஆய்வேடுகள் இருக்கின்றன. நாளிதழுக்கு எளிமையாக எழுதுகிற விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள், அதற்குப் புள்ளி கிடைப்பது அரிது என்று தெரிந்தே. அப்படி ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் இணைத்துக்கொள்வார்.

தமிழுக்கு அங்கே இடம் எப்படி வந்தது? யார் கொடுத்தார்கள்?

யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை, நம் ஆட்கள் காசு போட்டு வாங்கினார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் சிங்கப்பூரில்தான் பிறந்தது. 1905இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உருவானது அது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, முதன்மை மொழி எது என்பதில் பெரிய சர்ச்சை கிளம்பியது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்ற யோசனை வந்ததும் இங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போனார்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை முன்னின்று எதிர்த்தார். எதிர்த்ததோடு விடாமல், தமிழ் நூலகம் ஒன்று அமைய 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து நிதி திரட்டினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் சின்னச் சம்பளக்காரர்களும் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாதவர்கள் அதன் நூலகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

துறை 1956இல் தமிழோடு தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1962 ஜனவரி 1இலிருந்து கோலாலம்பூர்ப் பிரிவே தனிப் பல்கலைக்கழகம் ஆனது, துங்கு அப்துல் ரஹ்மான் முதல் வேந்தர். அந்தக் காலகட்டத்தில் துறைத் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகளார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. சென்னைக்கு 1968இல்தான் இரண்டாவது போயிற்று. இதைத் தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

இன்று இந்திய ஆய்வியல் துறை மட்டுமில்லை. அதே பல்கலைக்கழகத்தின் மொழியியல் பீடத்தில் தமிழை எடுத்துப் படிக்கலாம். தமிழாசிரியர் ஆக நினைப்பவர்கள் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறார்கள். பாடத்துக்கு வெளியே, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நடத்தும் பேரவைக் கதைகள் சிறுகதைப் போட்டி உண்டு. பொறியியலும் கணக்கியலும் படிக்கிற பிள்ளைகள் ராத்திரி உட்கார்ந்து தொகுப்புக்கு மெய்ப்புப் பார்ப்பார்கள்.

சமூகச் சேவை என்றால் கோத்தோங் ரோயோங் என்று கூட்டாகத் துப்புரவு வேலை செய்து போட்டோ எடுப்பதுதானே?

சில சமயம் அதுதான். நானே செய்திருக்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறு வாரம் வாசிப்பு வகுப்பு என்று மாணவர்களை அழைத்துப் போனோம். பெரிய பேனர் அடித்தோம், பிள்ளைகளுக்குப் பைகள் கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். பருவம் முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள், நானும் வேறு வேலையில் மூழ்கிவிட்டேன். அடுத்த ஆண்டு மறுபடி போன் போட்டபோது தலைமையாசிரியை மரியாதையாகத்தான் சொன்னார்: "வாங்க சார். இந்தத் தடவை பேனர் வேணாம், ஆள மட்டும் வருஷம் பூரா அனுப்புங்க." அந்த வருடம் பேனர் இல்லை. எட்டு மாணவர்கள், சனிக்கிழமை காலை, இருபத்தைந்து வாரம். ஒரு படம்கூட எடுக்க மறந்துபோய், அறிக்கைக்கு ஆதாரம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

இப்போது இதைப் பாடத்தோடு இணைத்திருக்கிறார்கள். 2019இல் உயர்கல்வித் தரப்பு 'சுலாம்' என்ற பெயரில் சேவைவழிக் கற்றலைக் கொண்டுவந்தது. கணக்கியல் மாணவர் ஒரு சிறு வியாபாரிக்கு வரவுசெலவு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதற்கு மதிப்பெண் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் 14 வாரத்தில் முடிகிற சேவை எதுவும் மக்களுக்குப் பாதியில் நிற்கிற சேவைதான். அடுத்த அணி அதே இடத்துக்குத் திரும்பிப் போகிறதா என்று பாருங்கள்.

தொடர்ந்து நிற்கும் சேவைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பினாங்கில் இருக்கிறது. அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நச்சு மையம் உள்ளது. குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது, பாட்டி மாத்திரையை மாற்றி விழுங்கிவிட்டார் என்றால் பொதுமக்களும் மருத்துவர்களும் தொலைபேசியில் கேட்கலாம். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று மருந்தியல் படித்தவர்கள் சொல்வார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெரியும். எத்தனை வீட்டில் அந்தப் போத்தல் துக்கம் வைத்திருக்கிறது. 2020 ஜனவரியில்தான் நாட்டில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. மையத்துக்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் ஒரு பதிவு, ஒவ்வொரு பதிவும் ஆய்வுக்குத் தரவு, அந்தத் தரவு மருந்தியல் மாணவருக்குப் பாடம். மூன்று வேலையும் ஒரே தொலைபேசியில் நடக்கிற இடம் அது.

பினாங்குப் பிள்ளைகள் படிக்கக் கோலாலம்பூருக்குத்தான் வர வேண்டுமா?

ஏன் வர வேண்டும்? நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமே 1969இல் பினாங்கில்தான் தொடங்கியது. குளுகோரில் தற்காலிகமாக இயங்கி, பிறகு மிண்டன் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமுக்குப் போனது. இன்றும் மேட்டில் நிற்கும் அந்தப் பழைய கட்டடங்களும் மழைமரங்களும் வளாகத்துக்குத் தனி அழகு. பொறியியலுக்கு நிபோங் திபாலில் ஒரு வளாகம், மருத்துவத்துக்குக் கிளந்தானில் ஒன்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தொலைதூரக் கல்வியை 1971இலேயே தொடங்கியவர்களும் அவர்கள்தான். என் தலைமுறையில் எத்தனையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்த வழியில் பட்டம் வாங்கினார்கள். லீவு நாளில் வகுப்பு, ராத்திரியில் இடுபணி, பக்கத்தில் தூளியில் பிள்ளை.

ஆய்வு என்று வீட்டுக்கு வந்து படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். படிக்க முடியாத மொழியில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அந்த எண் படிவத்தில் இருக்கும். எதற்காக ஆய்வு, பெயர் வெளியே வருமா, பாதியில் வேண்டாம் என்றால் விலகலாமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு எண் என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்துங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், லெம்பா பந்தாய்ப் பக்கம் ஒரு குறைந்த விலை அடுக்குமாடியில் முதியவர்கள் மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போகிறார்களா என்று ஆய்வு செய்தோம். 14 பக்கப் படிவம், மலாயிலும் ஆங்கிலத்திலும். ஒன்பதாவது மாடியில் ஓர் ஆச்சி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு பொண்ணு வந்து இதே மாதிரி கேட்டுச்சு. அதுக்கு எவ்ளோ மார்க் கெடச்சிச்சு தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண் யார் என்றே தெரியவில்லை. அடுத்த ஆண்டு எங்கள் முடிவுகளை இரண்டே பக்கத்தில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு அதே மாடிக்கு ஏறினேன். ஏறினேன் என்றால் படியில்தான், லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் லகரப் பிழையைச் சுட்டிக் காட்டினார். பிறகு, "லிஃப்ட பத்தி ஒண்ணுமே எழுதலயே" என்றார். 14 பக்கத்தில் லிஃப்ட் பற்றி ஒரு கேள்விகூட நாங்கள் வைத்திருக்கவில்லை. மருந்து வாங்க ஏன் போகவில்லை என்பதற்கு விழிப்புணர்வு குறைவு, குடும்ப ஆதரவு குறைவு என்று அட்டவணை போட்டிருந்தோம். அதற்குப் பிறகு முப்பது மாணவர்களாவது என்னிடம் படிவம் தயாரித்திருப்பார்கள். முதல் நாள் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டி, இதில் என்ன இல்லை என்று கேட்பேன். அத்தனை பேரில் ஒருத்திதான் லிஃப்ட் என்றாள். அவள் அடுக்குமாடியில் வளர்ந்தவள்.

அதனால் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் முடிவு வந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

எங்கள் பள்ளிக்கோ சங்கத்துக்கோ உதவி வேண்டும் என்றால் யாரைப் பார்ப்பது?

துணைவேந்தருக்கு விண்ணப்பம் எழுதாதீர்கள், அது கீழே இறங்கி வருவதற்குள் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். சமூகத் தொடர்புக்கென்றே பல்கலைக்கழகங்களில் பிரிவுகள் இருக்கின்றன. பினாங்கில் அதற்குத் தொழில்துறை, சமூக இணைப்புப் பிரிவு என்று பெயர். மலாயாவில் யூஎம்கேர்ஸ். அதைவிட நல்ல வழி, உங்கள் பிரச்சினையைப் பாடமாக நடத்துகிற விரிவுரையாளரைத் துறையின் இணையப் பக்கத்தில் தேடிப் பிடித்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவது. "உதவி செய்யுங்கள்" என்று எழுதாமல், "நான்காம் ஆண்டில் 12 பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, சனிக்கிழமை காலை வகுப்பறை காலியாக இருக்கிறது" என்று எழுதுங்கள். அக்டோபர் வாக்கில் புதிய கல்வியாண்டு தொடங்கும், அதற்கு முன்பே அனுப்பினால்தான் பாடத்திட்டத்தில் நுழைக்க முடியும்.

யூனியில் பிள்ளை அரசியலில் இறங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

1974இல் பாலிங் விவசாயிகளின் பட்டினிக்காகக் கோலாலம்பூரில் திரண்ட மாணவர்கள் ஆயிரத்துக்கு மேல் கைதானார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டது. பெற்றோரின் பயம் அந்தக் காலத்திலிருந்து வருகிறது. இப்போது சட்டம் தளர்ந்திருக்கிறது, 2018 திருத்தத்துக்குப் பிறகு வளாகத்துக்குள்ளும் மாணவர்கள் அரசியல் பேசலாம். என் அனுபவத்தில், மாணவர் தேர்தலில் நின்றவர்களைவிட விடிய விடிய கைபேசியில் கேம் விளையாடியவர்கள்தான் அதிகம் ஃபெயிலானார்கள்.

கடைசியாக, இடம் கிடைக்குமா?

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா ஆகிய எந்த வழியில் வந்தாலும் யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பம். தகுதிப் புள்ளியில் கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்தை நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், சான்றிதழ்களை நான்காம் படிவத்திலிருந்தே கோப்பில் போட்டு வையுங்கள். முயூட் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத மறக்காதீர்கள். பணத்துக்குப் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. மீதியைக் கூட்டத்தில் மைக்கில் சொல்வேன்.

பிள்ளை அங்கே படிக்கவில்லை. நாங்கள் சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் ரிம்பா இல்மு என்ற தாவரத் தோட்டம் இருக்கிறது, 1974இல் அமைத்தது, 80 ஹெக்டர். நூலகத்துக்கு வெளியாரும் கட்டணம் கட்டி உறுப்பினராகலாம், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மலாயா, பினாங்கு இரண்டு பல்கலைக்கழகங்களும் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. உங்கள் ஊர், உங்கள் தோட்டம், உங்கள் கோயிலின் பெயரை ரோமன் எழுத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். செந்தூலில் ஒரு மாமா அப்படித் தேடப்போய், தன் அப்பா வேலை செய்த தோட்டத்தைப் பற்றி ஒரு மாணவி 200 பக்கம் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். மூன்று நாள் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கங்காணி பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறாளாம், யாரிடம் சொல்வது என்று கேட்டார். மேற்பார்வையாளரின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். எழுதிப் போட்டிருக்கிறார்.

பார்க்கிங் கிடைக்குமா?

வார நாளில் கிடைக்காது. எல்ஆர்டியில் போங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து நான்காவது நிறுத்தம், பெயரே யுனிவர்சிட்டி. அங்கிருந்து வளாகத்துக்குப் பேருந்து இருக்கிறது. ஐசியை மறக்காதீர்கள், குடை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.